படுத்துப் பார்க்கிறவர்கள்

எங்கள் தாவரச் சங்கத்தில் செடியைப் பிடுங்கக் கூடாது. இலையைக்கூடக் கிள்ளக் கூடாது. பார்க்க வேண்டுமா, நீ போய் அதன் பக்கத்தில் படு. அதுதான் சட்டம். எங்கள் என்று எழுதிவிட்டேன். உண்மையில் அது என் வீட்டுக்காரரின் சங்கம். நான் துணைக்குப் போனவள், அதாவது எல்லோருக்கும் சேர்த்துப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனவள். எனக்குச் செடி என்றால் கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை. அதற்கு மேல் எல்லாம் பச்சை.

அவர் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்து ரிட்டையர் ஆனவர். முப்பது வருஷம் நட்டும் போல்ட்டும் எண்ணிய மனுஷனுக்கு அறுபது வயதில் புல் பூண்டின் மேல் பைத்தியம் பிடித்தது. நானும் கூடவே அலைந்தேன். கோடை தொடங்கும்போது பிரேசர் டவுனில் எங்கள் வீட்டைச் சுற்றியே மரம் பார்க்கிற நடை. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். மழை முடிந்ததும் ஊருக்கு வெளியே ஏரிக்கரை. குனிந்து பார்த்து இடுப்பு வலிக்கும். மாதம் ஒரு ஞாயிறு பள்ளிக்கூட மாடியில் பேச்சு. கோரையைப் பற்றி ஒருத்தர் ஒன்றரை மணி நேரம் பேச முடியும் என்பது அங்கே போய்த்தான் எனக்குத் தெரிந்தது.

படுத்திருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் சங்கத்துப் பழக்கம். லென்ஸைக் கண்ணில் வைத்து மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் போனால் நிழல் விழும். சுற்றிக்கொண்டு போக வேண்டும். கால் மணி நேரம் ஒரு ஆள் குப்புறக் கிடந்தால் ஊரில் வேறு யாராக இருந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள். எங்கள் ஆட்கள் ஏதோ நல்லது கிடைத்திருக்கிறது என்று பொறாமைப்படுவார்கள்.

போன வருஷம், மழைக்குப் பிந்தைய நடையில், அவர் அப்படித்தான் படுத்திருந்தார். பூச்சி பிடித்துத் தின்கிற ஒரு செடி அந்த ஏரிக்கரையில் உண்டு. சட்டைப் பொத்தான் அளவுதான். அதைத் தேடித்தான் போயிருந்தோம். மற்றவர்கள் எல்லாம் பார்த்து முடித்து வேப்பமர நிழலுக்கு வந்துவிட்டார்கள். புளிச்சோறு திறந்தாயிற்று. சங்கத்தை நடத்துகிறவர் காலேஜில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த ஒரு கன்னடக்கார வாத்தியார். அவர், "மேடம், சார் இன்னும் வரலையே, ஸ்வல்ப கூப்பிடலாமா?" என்று கேட்டார். இருபதடி தள்ளி என் வீட்டுக்காரரின் முதுகு தெரிந்தது. அவர் காதிலும் விழட்டும் என்றே நான் கத்திச் சொன்னேன். "விடுங்க சார், நான் கூப்பிட்டு என்னைக்கு வந்திருக்கார்? பசிச்சா தானா எழுந்து வருவார்!" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் போய்த் தோளைத் தொட்டேன்.

"ஹார்ட் அட்டாக். ஒரு நொடியில முடிஞ்சிருக்கும், அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதும்மா" என்றார் டாக்டர். எல்லோருடைய பெண்டாட்டிகளிடமும் அவர் அதையேதான் சொல்வார் என்று தோன்றியது. துக்கம் கேட்க வந்தவர்கள், "கொடுத்து வைச்சவர், பிடிச்ச செடியைப் பாத்துக்கிட்டே போயிட்டார்" என்றார்கள். போங்கய்யா நீங்களும் உங்கள் செடியும் என்று வாய் வரைக்கும் வந்தது. அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கு யார் காபி போடுவது என்று பார்த்தேன், நானே போட்டேன். கேஸ் கனெக்‌ஷனைப் பெயர் மாற்ற வேண்டும் என்றார்கள், மாற்றினேன்.

சங்கத்தில் ஐ.டி. வேலை பார்க்கிற ஒரு பெண் உண்டு. அவர் படுத்திருப்பதை அன்று அவள் போட்டோ எடுத்துச் சங்கத்து வாட்ஸப்பில் போட்டிருந்தாள். அங்கேயே நாலைந்து பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். பிறகு பதறிப்போய் அழித்துவிட்டாள். ஆனால் என் போனில் அது இறங்கிவிட்டது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். லென்ஸ் கையில் இருக்கிறதா, நழுவிவிட்டதா? பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகச் சட்டைதான் தெரியும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. நான் கத்தியது அவருக்குக் கேட்டதா இல்லையா. உயிர் இருந்து, வாய் திறக்க முடியாமல் கிடந்து, நாங்கள் அத்தனை பேரும் சிரித்ததைக் கேட்டுக்கொண்டிருந்தாரா.

மாதக் கூட்டத்துக்குப் போவதை மட்டும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வந்து தொலைக்கிறதே, அதை எங்கேயாவது கழிக்க வேண்டும். முதல் கூட்டத்தில் அவருக்காக ஒரு நிமிஷம் எழுந்து நின்றார்கள். பிறகு விளக்கை அணைத்துத் திரையில் பாசியைப் பற்றி ஏதோ போட்டார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையாக வந்தது, போனது.

இந்த வருஷம் மழை விட்டதும் அதே ஏரிக்கரைக்கு நடை என்று செய்தி வந்தது. வாத்தியார் தனியாகப் போன் செய்து, "நீங்க கஷ்டப்பட்டு வர வேண்டாம் மேடம், பரவாயில்ல" என்றார். "அப்ப புளிச்சோறு யார் கொண்டு வருவா?" என்று கேட்டேன்.

அங்கே போய்த்தான் சங்கத்தில் ஒரு புதுச் சட்டம் வந்திருப்பது தெரிந்தது. படுத்திருப்பவர் அவ்வப்போது ஒரு கையைத் தூக்கி, இருக்கேன் என்று குரல் கொடுக்க வேண்டும். ஏன் என்று யாரும் எனக்கு விளக்கவில்லை. புல்லுக்குள் அங்கே ஒரு கை எழுந்தது, இங்கே ஒரு கை எழுந்தது. "இருக்கேன்." "இத்தீனி" என்று கன்னடத்தில் ஒரு இருக்கேன். "இருக்கேன் சார்." வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பதைப் போல. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்தேன். ஐ.டி. பெண் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள்.

மற்றவர்கள் அந்த வேப்பமரத்துக்குப் போனார்கள். நான் போகவில்லை. அவர் கிடந்த இடம் எனக்குத் தெரியும். முட்டியை மடக்கி, கையை ஊன்றி, மெல்லக் குப்புறப் படுத்தேன். இத்தனை நடையில் நான் படுத்தது அதுதான் முதல் தடவை. மண் ஈரமாக இருந்தது. செடியை எல்லாம் தேடவில்லை. ஒரு கன்னத்தை மண்ணில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கையைத் தூக்கவில்லை.

டிபன் பாக்ஸ் மூடி ஒன்று திறந்தது. யாரோ தண்ணீர் குடித்தார்கள். அந்தப் பெண், "சார், மேடம் கையே தூக்கலையே, நான் போய்ப் பாக்கட்டுமா?" என்றாள். வாத்தியார் எனக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்தி, "வேண்டாம்மா. மூச்சு விடறது தெரியுது பாரு. பாவம், தனியா அழட்டும்" என்றார்.

நான் அழவில்லை. வாத்தியார் ரகசியமாகச் சொன்னதுகூட ஒரு எழுத்து விடாமல் எனக்குக் கேட்டது. அன்றைக்கு நான் கத்திச் சொல்லியிருந்தேன்.