ஏப்ரலிலும் பனி இருக்கும் ஊர்

ஸ்கீ விளையாடப் போகும் ஆசை முதலில் என் தோழிக்குத்தான் வந்தது. நானும் அவளும் ஃபோர்ட்டில் ஒரே இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில், அடுத்தடுத்த மேஜைகளில் வேலை பார்க்கிறோம். தினமும் காலையில் அவள் சயனில் ரயில் ஏறுவாள். அடுத்த ஸ்டேஷனான மாட்டுங்காவில் நான் ஏறும்போது எனக்குக் கால் வைக்கவாவது இடம் பிடித்து வைத்திருப்பாள்.

ஒரு நாள் தாதர் கூட்டம் உள்ளே நெருக்கிக்கொண்டிருந்தபோது என் முகத்துக்கு நேராகப் போனை நீட்டினாள். அதில் எங்களைப் போல ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், வெள்ளை மலைச் சரிவில் சறுக்கி இறங்கிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, நாமளும் போவோமா?”

“எங்கடீ?”

“ஆல்ப்ஸுக்கு.”

அந்த நெரிசலில் தலையை ஆட்ட மட்டுமே இடமிருந்தது. ஆட்டி வைத்தேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

மார்ச் கணக்கு க்ளோசிங் முடியாமல் எங்கள் அலுவலகத்தில் லீவு கிடைக்காது. ஆகவே ஏப்ரலிலும் பனி உருகாத உயரத்தில் ஊர் வேண்டும். கூடவே அவள் ஒரு நிபந்தனை போட்டாள். தாராவியில் அவள் குடியிருப்பது ஒரு தையல் பட்டறைக்கு மேலே. பொழுது விடிந்தால் மெஷின் சத்தம்தான்.

“டிஸ்கோ, ஆட்டம், பாட்டு ஒண்ணும் வேண்டாம். சத்தமே இல்லாத ஊராப் பாப்போம்.”

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர் தேடினோம். புகழ்பெற்ற ஊர்களையெல்லாம் தள்ளிவிட்டு, சுவிட்சர்லாந்தில் கார்களே நுழையாத ஒரு மலைக் கிராமத்தைப் பிடித்தோம். சமையலறையோடு ஒரு சின்ன வீடு வாடகைக்குக் கிடைத்தது. பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் என் பொறுப்பு. அதற்கு மேல் எனக்குப் பொறுப்பு வேண்டாம் என்று தெளிவாகவே சொன்னேன்.

“நீ சறுக்கு. நான் ஜன்னலோரமா உக்காந்து காப்பி குடிச்சிண்டு பாக்கறேன். இந்த வயசுல கையக் கால ஒடைச்சுக்க என்னால முடியாதுடீ.”

“சரிட்டி, பயந்தாங்கொள்ளி.”

வீட்டில் சொன்னபோது என் கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. “பனி பாக்கணும்னா ஃப்ரீசரைத் தொறந்தாப் போறாதோ?” என்றார்.

தோழி மும்முரமாகத் தயாரானாள். அலுவலகத்தில் லிஃப்டை விட்டுவிட்டு மாடிப்படி ஏறினாள். சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்காருவதுபோல நின்றாள். மேனேஜர் அந்தப் பக்கம் வந்தால் மட்டும் நிமிர்ந்துகொள்வாள். ஒரு மாலில் செயற்கைப் பனி நிரப்பிய கூடம் இருக்கிறதென்று கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பிறந்தநாள் கொண்டாட வந்த குழந்தைகளுக்கு நடுவே தொப்பென்று விழுந்தாள், சிரித்தாள், மறுபடி விழுந்தாள்.

மறுநாள் முழங்கால் வீங்கிவிட்டது. செம்பூரில் எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: வீக்கம் வடிந்ததும் தாராளமாக நடக்கலாம், ஊர் சுற்றலாம், ஸ்கீ மட்டும் கூடவே கூடாது.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

“கேன்சல் பண்ணிடலாமா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“எதுக்கு? உன் முட்டு நல்லாத்தான இருக்கு?”

“விளையாடறயா? நான் எப்படிடீ…”

“ஏட்டி, நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தியாவது சறுக்கணும். அத நான் பக்கத்துல நின்னு பாக்கணும். அவ்வளவுதான்.” இந்தத் தடவையும் தலையை ஆட்டி வைத்தேன்.

திட்டத்தைத் தலைகீழாக மாற்றினோம். அவளுக்குப் போட்டிருந்த பயிற்சி வகுப்பு என் பெயருக்கு மாறியது. சறுக்காதவர்களும் கேபிள் காரில் மேலே போகலாம், அங்கே உட்கார பெஞ்சு உண்டு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். மாடிப்படி ஏறுவது இப்போது என் வேலை. அவள் லிஃப்டில் போய் மேலே நின்றுகொண்டு, “சல், சல், சீக்கிரம்!” என்று இந்தியும் தமிழுமாக விரட்டுவாள்.

ஏப்ரலில் போனோம். பனி இருந்தது, கண் கூசும் அளவுக்கு இருந்தது. பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முதல் நாள் முழுக்க விழுந்தேன். அடுத்த நாள் விழுவது கொஞ்சம் குறைந்தது. அதற்கும் அடுத்த நாள் காலையில், புதியவர்களுக்கான அந்தச் சின்னச் சரிவில், கால்கள் எப்படியோ தாமாகவே நேராகி என்னைக் கொண்டுபோயின.

பெஞ்சிலிருந்து எழுந்து நின்று அவள் கத்தினாள். “முட்ட மடக்குட்டி! கீழ பாக்காத, முன்னால பாரு!”

மடக்கினேன், பார்த்தேன். ஆனால் நிற்க வரவில்லை. நேராக அவள் காலடியில் போய் உட்கார்ந்தேன். என் தோளிலிருந்த பனியைத் தட்டிவிட்டாள்.

“எப்பிடி இருந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு.”

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். காற்று காதில் விசிலடித்ததை, ஸ்கீ பலகைக்கு அடியில் பனி கரகரத்ததை, பாதி வழியில் பயம் எங்கேயோ காணாமல் போனதை. கண்ணை மூடிக்கொண்டு, தானே இறங்குவதுபோல, மெல்லத் தலையசைத்துக் கேட்டாள்.

பிறகு கண்ணைத் திறந்து, “சரி, எந்திரி. போய் இன்னொருக்கா எறங்கி வா,” என்றாள். “பதட்டத்துல நான் வீடியோ எடுக்க மறந்துட்டேன்.”