என் பெயருக்கு வந்த துண்டு

நமுனுகுலைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறேன். எனக்கு முப்பத்தைந்து வயதான மாதம், தோட்டத்துப் பெண்களைப் பார்க்கும் மிட்வைஃப் மிஸ் என் பெயரெழுதிய காகிதத் துண்டொன்றை எங்கள் லயத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். 'புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரவும்' என்று அதில் இருந்தது.

உடம்பில் ஒரு வலியும் இல்லாத எனக்கு ஏன் இது வந்தது என்று விளங்கவில்லை. போன மாதம் காய்ச்சலுக்காகப் பதுளை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்களே, அதில் எதையாவது கண்டுபிடித்து மறைக்கிறார்களோ என்று நினைத்தேன். வீட்டுக்காரர் துண்டை மூன்று தடவை வாசித்தார். பிறகு எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். கல்யாணமாகி அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் கூடியது.

கிளினிக் நாளில் மிஸ்ஸிடம், "எனக்கு எத்தனை நாளா இந்த நோய் இருக்குங்க?" என்று கேட்டேன்.

அவர் திகைத்துப்போனார். "நோய் இருக்குன்னு யாரு சொன்னா? முப்பத்தஞ்சு வயசான பொம்பளைங்க எல்லாரையும்தான் கூப்பிடுறோம். நோய் வர்றதுக்கு முன்னாடியே பார்த்துக்கத்தான்."

"அப்ப நோய் இல்லாதவங்களுக்குமா?"

"ஆமாங்க."

கர்ப்பப்பை வாயில் ஒரு சோதனை, சில நிமிடங்களில் முடிந்தது. சில வாரங்கள் கழித்து, ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. அன்று மிஸ், இனி மற்றவர்களுக்குக் கொடுக்கவிருக்கும் புதிய துண்டொன்றைக் காட்டினார். 'நோய் இல்லாதவர்களும் வரவேண்டிய புற்றுநோய்ப் பரிசோதனை' என்று எழுதியிருந்தார்.

"இப்ப விளங்குதா?"

"விளங்குதுங்க மிஸ். ஆனா புற்றுநோய்ங்கிற சொல்லுதான் முதல்ல கண்ணுல படுது" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை வெட்டுவது என்று தெரியாமல் யோசித்தார். எனக்கும் தெரியவில்லை.