மழை ஒழுகவேண்டிய கூரை

பச்சைப் பேரீச்ச மட்டையை வெட்டிப் போட்டால், அது வெயிலில் வாடத் தொடங்கும் முன், வெள்ளரிக்காயை நறுக்கியதுபோல ஒரு குளிர்ந்த வாசனை எழும். பஹ்ரைனில், மனாமா கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய வீட்டின் மொட்டை மாடியிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை அந்த வாசனை இறங்கி வரும்போது, "ஓலைப் பெருநாள்" வந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் சொல்லிக்கொள்வோம். அந்தப் பெருநாள் எங்களுடையது அல்ல. வீட்டுக்காரர் யூதர், துணிக்கடை வைத்திருந்தவர். கீழக்கரையிலிருந்து போன என் வாப்பா அவர் கடையில் வேலை பார்த்தார். அந்த வீட்டின் பின்பக்க அறைகளில் நாங்கள் குடியிருந்தோம். வாப்பா அவரை, அங்கே முதலாளியை எல்லாரும் கூப்பிடுவதுபோல, "அர்பாப்" என்பார். அவர் மனைவியை, லண்டனில் இருந்த மகனின் பெயரைச் சேர்த்து, உம்மா "தாவூதும்மா" என்பார். இருவருக்கும் பம்பாய் இந்தி நன்றாக வரும். எங்களுக்குள் பேச்சு அதில்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் ஊரில் யூதர்கள் மிகச் சிலரே இருந்தார்கள். அவர்களுடைய தொழுகைக் கூடம் பூட்டிக் கிடந்தது. அதனால் சனிக்கிழமை காலையில் அர்பாப் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து, தவ்ராத் வேதத்தில் அந்த வாரத்துக்கு உரிய பகுதியை ராகத்தோடு ஓதுவார். யாரிடமும் வாய் திறக்கக் கூச்சப்படும் பெண் நான். சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். நூஹ் நபியின் கப்பல், இப்ராஹீம் நபியின் பயணம் என்று எல்லாம் எனக்குத் தெரிந்த பெயர்களாகவே வரும். தாவூதும்மாவோ அந்தக் கதைகளை நேற்று நடந்தவைபோல எங்கள் சமையலறை வாசலுக்கே கொண்டுவந்துவிடுவார்.

"இந்த வாரம் யூசுபைக் கிணத்துல தள்ளப் போறாங்க, பாவிங்க" என்பார்.

"போன வருசமும் தள்ளுனாஹளே" என்று உம்மா சிரிப்பார்.

"இந்த வருஷமாவது அண்ணன்மாருக்குப் புத்தி வராதான்னு பாக்குறேன்."

வருட முடிவில் மூசா நபியின் மரணத்தை ஓதி முடித்த கையோடு, படைப்பின் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கிவிடுவார்கள். சலிக்காதா என்று வாப்பா ஒருநாள் கேட்டதற்கு, "போன வருஷம் ஓதினவன் நான் இல்லையே" என்றார் அர்பாப். அந்தப் பதில் எனக்கு அப்போது புரியவில்லை, பிடித்திருந்தது.

நான் பத்தாவது படித்த வருடம் எங்கள் ரமலானும் அவர்களுடைய ஓலைப் பெருநாளும் ஒரே மாதத்தில் வந்தன. "உங்க மாசம் வருஷா வருஷம் முன்னால நகர்ந்துக்கிட்டே இருக்கு. எங்களுது ஓடப் பார்த்தா, ஒரு மாசம் கூட்டி நிறுத்திடுவோம். கொஞ்ச வருஷம் சேர்ந்து நடந்துட்டு அப்புறம் பிரிஞ்சிடும்" என்றார் அர்பாப். அந்தக் கோடையில் அவருடைய வலது கை பலமிழந்திருந்தது. பெருநாளின் ஏழு நாளும் உள்ளே உட்கார்ந்து சாப்பிடவேண்டிய ஓலைக் கூடாரத்தை ஒவ்வொரு வருடமும் மாடியில் தன் கையாலேயே போடுபவர், முதன்முறையாக அதை வாப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

வாப்பா இளவயதில் ஊரில் கூரை வேய்ந்தவர். நோன்போடு, உச்சி வெயிலில், மட்டைகளை நெருக்கி அடுக்கிக் கட்டி, அதற்கு மேல் இன்னொரு வரிசை போட்டு, நடுவில் தார்ப்பாயும் விரித்துவிட்டார். "ஒரு சொட்டு எறங்காது" என்று உம்மாவிடம் பெருமைப்பட்டார்.

மாலையில் அர்பாப் மெல்லப் படியேறி வந்து அண்ணாந்து பார்த்தார். "நல்ல வேலை" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்களேன்" என்றார் தாவூதும்மா.

"நோன்பு பிடிச்ச மனுஷன் நாள் பூரா வெயில்ல நின்னிருக்கார். எப்படிச் சொல்ல?"

தாவூதும்மாவே சொன்னார். மழை இறங்காத கூரை இந்தப் பெருநாளுக்கு ஆகாது. இடுக்கில் வானம் தெரியவேண்டும். பொழுது இறங்கிவிட்டால் பெருநாள் தொடங்கிவிடும், பிறகு எந்த வேலையும் கூடாது. அர்பாப் பிறந்ததிலிருந்து கூடாரம் இல்லாமல் ஒரு பெருநாளும் போனதில்லை.

வாப்பாவின் முகம் சுருங்கியது. "ஒழுகுமே அர்பாப்."

"ஒழுகணும்."

"மழை வந்தா?"

"மழை வந்தா உள்ளே போயிடுவோம்."

"அப்பக் கூரை என்னத்துக்கு?"

"மூசாவோட ஜனங்க பாலைவனத்துல இப்படித்தான் இருந்தாங்க, காதர் பாய். தலைக்கு மேல இருக்கறது கெட்டின்னு நம்பிடக் கூடாது, அதுக்குத்தான்."

வாப்பா தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தார். "அதுக்கு எங்களுக்குக் குடிசை வேணாம் அர்பாப். விசா போதும்."

அர்பாப் இருமல் வரும்வரை சிரித்தார். வாப்பா ஏணியை எடுத்தார். உம்மா நோன்புக் கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்தார். வாப்பா மேலே நின்று முடிச்சுகளை அறுக்க, நாங்கள் கீழே நின்று இழுத்தோம். தார்ப்பாய் மடமடவென்று சரிந்து என் தலைமேல் விழுந்தது. மேற்கே வெளிச்சம் சிவந்துகொண்டிருந்தது. தாவூதும்மா விளக்கேற்றிக் கண்களை மூடிக்கொண்டார். மேல் வரிசை முழுக்கப் போய், கீழ் வரிசையிலும் இடுக்கு விழ, வாப்பா கடைசி மட்டையை உருவிக் கீழே போட்ட சற்று நேரத்தில் மக்ரிப் பாங்கு ஒலித்தது. ஏணியிலிருந்து இறங்கக்கூட விடாமல் தாவூதும்மா நீட்டிய பேரீச்சம்பழத்தால் வாப்பா நோன்பு திறந்தார்.

அவர்களுக்கும் மாதத்தின் நடு, எங்களுக்கும் நடு. முழு நிலா எழுந்து வந்து, ஓலை இடுக்கு வழியே அவர்களுடைய ரொட்டியிலும் எங்கள் கஞ்சியிலும் துண்டு துண்டாக விழுந்தது. அர்பாப் அண்ணாந்து பார்த்தார். பலமிழந்த அந்தக் கையால் வாப்பாவின் தோளைத் தொட்டார்.

அவர் சொன்னதுபோல அந்த இரண்டு மாதங்களும் சில வருடங்கள் சேர்ந்து நடந்துவிட்டுப் பிரிந்தன. அவர்கள் லண்டனுக்கு மகனிடம் போனார்கள். அர்பாப் அங்கேயே இறந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றனவாம். மாதங்கள் மறுபடி சேரும் காலம் வரும். அதை விளக்கிச் சொல்ல அவர் இருக்கமாட்டார்.

வளைகுடாவில் சம்பாதித்த காசில் வாப்பா ஊரில் கட்டிய கான்கிரீட் வீடு ஒரு சொட்டு ஒழுகாது. மாடியில் மட்டும், தான் உட்காருவதற்கென்று, கீற்றை இடுக்கு விட்டுப் பரப்பி ஒரு பந்தல் போட்டிருக்கிறார். போன ஐப்பசியில் என் கணவர் அதன்மேல் விரிக்கத் தார்ப்பாய் வாங்கி வந்தார்.

"அதெல்லாம் வேணாம் மாப்புள்ள" என்றார் வாப்பா. "மழை வந்தா உள்ள போயிருவோம்."