சவுக்கு மரத்துக்குக் காவல்

மைதாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டும்போது, அது கெட்டிப்படத் தொடங்கும் நேரத்தில், வயிற்றை லேசாகக் கிள்ளுகிற ஒரு வாசனை எழும். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் அந்தப் பசை வாசனையோடுதான் தொடங்கும். அம்மா கலர்த்தாள்களை நீளநீளமாக வெட்டித் தருவாள். நானும் அண்ணன் தாவீதும் அவற்றை வளையம் வளையமாக ஒட்டிச் சங்கிலி கோப்போம். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் போடுவது வழக்கம். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அம்மா அதைப் போடவில்லை. துத்தம் விஷம், வீட்டில் நாய்க்குட்டி இருந்தது.

நவம்பர் மழையில் வாய்க்கால் பாலத்தடியில் நனைந்து கிடந்ததை அண்ணன்தான் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். செவலை நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும். டாமி என்று பேர் வைத்தோம். விழித்திருக்கும் நேரமெல்லாம் எதையாவது மோந்து, நக்கி, கடித்துப் பார்த்தாக வேண்டும் அதற்கு.

அந்த வருஷம் அப்பா வருவதாக இருந்தது. அப்பாவுக்குப் பட்டாளத்தில் வேலை. வடக்கே எங்கோ பனி விழுகிற ஊரில் இருந்த அவருக்கு மூன்று வருஷமாக ஊருக்கு வரவே லீவு கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சுடலைமுத்து அண்ணாச்சி பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவர் கடை ஃபோனில்தான் அப்பா பேசுவார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்கால ரயிலில் வருகிறேன் என்று சொன்னதிலிருந்து அம்மாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், டீச்சர் சேலையைக்கூட மாற்றாமல், துவைத்த திரைச்சீலையையே திரும்பத் துவைப்பாள். நகர்த்தி வைத்த நாற்காலியைப் பழைய இடத்துக்கே நகர்த்துவாள். நாங்களும் அவள் பின்னாலேயே அலைந்தோம். எங்கள் மூவரின் பின்னாலும் டாமி அலைந்தது.

அண்ணன் ஒரு சவுக்குக் கிளையை வாங்கிவந்து, ஆற்றுமணல் நிரப்பிய வாளியில் நட்டான். அதில் பஞ்சு ஒட்டி, தாள் சங்கிலி சுற்றி, ஜிகினாச் சரம் தொங்கவிட்டு முடித்த அன்றே கீழ்வரிசைச் சங்கிலி முழுவதும் டாமியின் வயிற்றுக்குள் போய்விட்டது. துத்தம் போடாத பசை அதற்குப் பலகாரம்! மரத்தைத் தூக்கி மேஜைமேல் வைத்தோம். நாற்காலியில் ஏறி மேஜைக்குத் தாவியது. நாற்காலிகளை வெளியே போட்டோம். மேஜை விரிப்பைப் பிடித்து இழுத்தது. கட்டிப்போட்டால் தெருவே கூடுகிற மாதிரி ஊளையிடும். கடைசியில் முறைவைத்துக் காவல் காக்க ஆரம்பித்தோம். ஒருவர் குளிக்கப் போனால் இன்னொருவர் வந்து நின்றாக வேண்டும்.

"பசையில கொஞ்சம் வேப்பெண்ணெய விடுங்க டீச்சர். மோந்து பாத்தாலே ஓடிரும்" என்று யோசனை சொன்னார் அண்ணாச்சி. வேப்பெண்ணெய் நாற்றம் தாங்காமல் நாங்கள்தான் வாசலுக்கு ஓடினோம். டாமி நிதானமாக நக்கித் தின்றது. அம்மாவுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "உங்க அப்பா வார நேரம் மரம் முழுசா நிக்கணும்லே. இன்னொரு தடவ இது வாய வச்சுதோ, கொண்டுபோய் வாய்க்கால் பாலத்துலயே விட்டுருவேன்" என்றாள். அன்றிலிருந்து அண்ணன் மரத்தடியிலேயே பாய் விரித்துப் படுத்தான்.

அப்பா வருவதற்கு இரண்டு நாள் முந்தி, விளக்கு வைக்கும் நேரத்தில், சபையின் பாட்டுக் குழு எங்கள் தெருவுக்கு வந்தது. தப்பட்டையும் கிதாருமாக வாசலில் நின்று பாடினார்கள். எல்லோரும் வெளியே போய் நின்றோம். இரண்டு பாட்டும் ஒரு ஜெபமும் முடிந்து உள்ளே வந்தால், மரம் சாய்ந்து கிடந்தது. ஜிகினாச் சரத்தில் பாதியைக் காணோம். அம்மா மரத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அது அவள் திட்டியதைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் டாமி சோறு தின்னவில்லை. அதற்கு அடுத்த நாள், அப்பா வருகிற நாள், காலையிலிருந்தே வாந்தி. வயிறு உப்பி, பின்பக்கம் ஒரு மினுங்கும் இழை வெளியே தெரிந்தது. அண்ணன் அதை இழுக்கக் கைநீட்டியதும் அம்மா கத்தினாள்: "தொடாதலே!" ஒரு பழஞ்சேலையில் குட்டியைச் சுற்றி எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். நாங்களும் ஏறிக்கொண்டோம்.

கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர், "நல்லவேளை, இழுக்காம விட்டீங்க. குடல அறுத்திருக்கும்" என்றார். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார். சாயங்காலம்வரை பார்ப்போம், தானாக வராவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டும், இத்தனை சின்னக் குட்டி அதைத் தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார்.

வெயில் சாயச் சாய அம்மாவின் தவிப்பு கூடியது. ரயில் நேரம் நெருங்கிவிட்டது. "ஏலே, நீ ஸ்டேஷனுக்குப் போ" என்றாள் அண்ணனிடம்.

"நான் போமாட்டேம்மா. நீ போ. நான் டாமிகிட்ட இருக்கேன்."

அம்மா எழுந்து வாசல்வரை போனாள். அங்கே நின்ற ஆட்டோக்காரரிடம் ஏதோ கேட்டாள். திரும்பி வந்து குட்டியின் வயிற்றைத் தொட்டாள். மறுபடியும் வாசலுக்குப் போனாள். மூன்று வருஷமாக அந்த ரயிலுக்காகக் காத்திருந்தவள் அவள். அப்பா வந்திறங்கும்போது கட்டவேண்டும் என்று எடுத்துவைத்த பச்சைச் சேலை வீட்டுக் கட்டிலில் மடித்தபடியே கிடந்தது. கடைசியில் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, டாமியின் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "அவரு வழி தெரிஞ்ச மனுசன். வந்துருவாரு. இதுக்கு யாரு இருக்கா?" என்றாள்.

ரயில் வந்து போயிருக்கும் நேரத்துக்கெல்லாம் அந்த ஜிகினாச் சரம், டாக்டரே சிரிக்கும்படி, தானாக வெளியே வந்தது.

நாங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, அண்ணாச்சி கடை வாசலில் தன் டிரங்குப் பெட்டிமேல் அப்பா உட்கார்ந்திருந்தார். கையில் டீ கிளாஸ். முன்னைவிடக் கறுத்து, மெலிந்திருந்தார். அம்மா ஆட்டோவைவிட்டு இறங்கி, பேச வாயெடுத்தாள். அதற்குள் அவள் கைக்குள்ளிருந்து டாமி தலையைத் தூக்கி, அப்பாவைப் பார்த்து விடாமல் குரைத்தது. இரண்டு நாளாகச் சத்தமே இல்லாமல் கிடந்த குட்டி!

"மூணு வருசம் கழிச்சு வந்தா, என் வீட்டு வாசல்ல என்னையே குலைக்கானே" என்று அப்பா சிரித்தார். அண்ணாச்சியும் சிரித்தார். அண்ணன் குதித்தான். அம்மா மட்டும் அழுதுகொண்டிருந்தாள். அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டீ கிளாஸை எங்கே வைப்பதென்றுகூடத் தெரியாமல் நின்றார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். போட்டோவில் பார்த்த முகம்தான், ஆனாலும் கிட்டே போகக் கால் வரவில்லை. டாமி குரைத்தது, நான் ஒளிந்துகொண்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டுக்குள் வந்ததும் அப்பா பெட்டியைத் திறந்து ஆசையாக ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால், தங்க நிறத்தில் ஒரு பெரிய ஜிகினாச் சரம். அம்மா அவரைப் பார்த்தாள். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினார். மரத்தில் மிச்சமிருந்த சங்கிலியையும் பஞ்சையும் கழற்றிவிட்டோம்; அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் மரம் வெறும் பச்சையாகவே நின்றது.

லீவு முழுவதும் அப்பா அந்த மரத்தடியில்தான் தரையில் உட்கார்ந்திருந்தார். முறுக்கை ஒடித்து ஒரு துண்டை டாமிக்கு நீட்டுவார், ஒரு துண்டை எனக்கு நீட்டுவார். முதலில் டாமிதான் போனது. பிறகு நான் போனேன். ஜனவரியில் அவர் கிளம்பியபோது ஆட்டோவுக்குப் பின்னால் வாய்க்கால் பாலம்வரை டாமி ஓடியது. அண்ணன் போய்த் தூக்கிக்கொண்டு வந்தான்.

அப்பா ஓய்வுபெற்று ஊரோடு வந்தபோது டாமிக்குக் கிழத்தனம் வந்துவிட்டது. சில வருஷம் இரண்டு பேரும் காலையில் சேர்ந்து நடந்தார்கள். இப்போது இருவருமே இல்லை. அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் செல்ஃபோன் கடை இருக்கிறது. சவுக்குக் கிளையை வெட்டி சைக்கிளில் வைத்து விற்கிறவர்களைப் பார்த்தே பல டிசம்பர் ஆகிவிட்டது. அண்ணன் துபாயிலிருந்து தினமும் வீடியோவில் வருகிறான். ஒருவன் வருவதற்காக ஒரு வீடே மாதக்கணக்கில் தவிப்பது என்பது போய்விட்டது.

போன டிசம்பரில் வாங்கிவந்த பிளாஸ்டிக் மரத்தை நான் பெட்டியிலிருந்து எடுத்து விரிப்பதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். காபி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விளக்கு எரிந்தது. அதைப் பார்த்து அம்மா சொன்னாள்:

"மரம்னு ஒண்ணு வச்சா, அதச் சுத்தி நாலு பேரு ஓடணும்ட்டி. இது பாவம், சும்மா நிக்கு."