வில்லங்கத்தில் வராத தங்கை

என் மகள் டவுன் பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்த அன்றுதான் உத்திரமேரூரில் ஒரு வீடு வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இடது கை எலும்பில் ஒரு விரிசல், முழங்காலில் சிராய்ப்பு. மாவுக்கட்டு பிரித்ததும் அவள் அதை மறந்துவிட்டாள். எனக்குத்தான் இன்னும் மறக்கவில்லை. எங்காவது பஸ் பிரேக் போடும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது, முழுப்பரீட்சை முடிந்த சமயம். நாங்கள் சாலவாக்கம் பக்கம் வாடகைக்குக் குடியிருந்தோம். அங்கே ஆரம்பப் பள்ளியில் எனக்கு வேலை. கணவர் ராணுவத்தில் இருந்தார், விடுமுறைக்குத்தான் வருவார். மகள் மட்டும் உத்திரமேரூர் உயர்நிலைப் பள்ளிக்குப் பஸ்ஸில் போய்வந்தாள். எங்கள் இருவரில் ஒருத்தி பஸ் ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் அது நானாக இருக்கட்டும் என்று தோன்றியது. பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு வேண்டும், ஜூனில் பள்ளி திறப்பதற்குள் குடிபோய்விட வேண்டும். வேறு எதுவும் எனக்கு முக்கியமாகப் படவில்லை.

வீடு அமைந்தது. ஓட்டு வீடு, பின்னால் கிணறு. விற்பவர் ஒரு விவசாயி. தன் நிலத்துப் பக்கமே புதிதாக வீடு கட்டிக்கொண்டு போயிருந்தார். இது அவருடைய அப்பா வாங்கிய வீடு. அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். ஒரு ரைஸ்மில்காரரும் அதே வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதால் நான் தாமதிக்கவில்லை.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே மரத்தடியில் பத்திரம் எழுதுபவரிடம் போனேன். "முத்திரைத்தாள் வாங்கிகினு வாங்க டீச்சரம்மா, மத்தியானத்துக்குள்ள எய்தி முடிச்சிடலாம்" என்றார். வக்கீல் யாரிடமாவது காட்ட வேண்டாமா என்று கேட்டேன். "காட்டுங்க, வேணாங்கல. ஆனா கோயில் தெருவுல ஒருத்தரு கீறாரு, அவராண்ட மட்டும் போயிடாதீங்க. கேள்வி கேட்டே மனுசன பேஜார் பண்ணிடுவாரு. போன வருசம் ஒரு ஆளு வூடு வாங்கற ஆசையே போதும்னு எயுந்து போயிட்டான்."

அன்று சாயந்திரமே கோயில் தெருவுக்குப் போனேன்.

அவர் பகலில் காஞ்சிபுரம் கோர்ட்டுக்குப் போய்விட்டு, இருட்டும் நேரத்தில் வீட்டில் ஆட்களைப் பார்ப்பவர். என்னை உட்காரச் சொன்ன கையோடு ஆரம்பித்தார். வீட்டு வரி யார் பேரில் வருகிறது? கிணறு முழுக்க இந்த வீட்டுக்கா, பக்கத்து வீட்டுக்கும் பங்கு உண்டா? சமையலறைத் தண்ணீர் யார் மனை வழியாகப் போகிறது? மழை பெய்தால் பக்கத்து வீட்டு ஓட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் விழுகிறது? கடன் கிடன் ஏதாவது வீட்டின் மேல் இருக்கிறதா என்று பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்றா?

எங்கள் குடும்பத்தில் கேள்வி கேட்பதற்கு நான் பேர்போனவள். கதவைத் தாழிட்டாயிற்றா என்று மூன்று முறை கேட்பேன், எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கே தோன்றாத கேள்விகளைக் கேட்க ஊரில் ஒருவர் இருக்கிறார் என்று கண்டதும் வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. மகள் விழுந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் விற்பவரும் அவர் மனைவியும் காகிதங்களோடு வந்தார்கள். அப்பா பேரில் மூலப்பத்திரம், வரி ரசீதுகள், வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தமாக இருந்தன. வக்கீல் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்பாவுக்கு நீங்க ஒரே பிள்ளையா?"

"ஒரே புள்ள சார்."

"பொண்ணு?"

"ஒரு தங்கச்சி இருந்துச்சு. செத்துப்போச்சு."

"அடடா. எப்போ?"

"அது ஆச்சு சார், நைனா இருக்க சொல்லவே."

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கெல்லாம் ஒன்னும் இல்லீங்க."

"சரி. இறப்புப் பதிவு நகல் ஒண்ணு வேணும். எந்த ஊர்ல பதிஞ்சீங்க?"

விற்பவர் மேலே ஓடாத மின்விசிறியைப் பார்த்தார். அவர் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"இன்னும் எத்தினி நாழி முயிச்சிகினு இருப்ப? சொல்லேன்யா. சார், அது சாவவே இல்ல. திருப்புட்குழில சைக்கிள் கடை வெச்சிகினு கீது. வேற சாதிப் பையனோட போயிடுச்சின்னு எங்க மாமனாரு ஏரிக்கரைல கருமாதி பண்ணி ஊருக்கே சோறு போட்டுட்டாரு."

"நான் பொய் சொல்லல சார்" என்றார் விற்பவர். உண்மையாகவே அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "மொட்ட போட்டுக்கினேன். ஊரே பாத்துச்சு."

"மொட்டையை ரிஜிஸ்டர்ல ஏத்த முடியாதேப்பா" என்றார் வக்கீல், மெதுவாக.

பிறகு எங்கள் எல்லோருக்கும் விளங்கும்படி சொன்னார். வீடு அப்பா சொந்தமாகச் சம்பாதித்தது. உயில் எழுதாமல் போய்விட்டார். மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு. கருமாதி செய்தாலும் பங்கு சாகாது. அந்தப் பெண் வந்து கையெழுத்துப் போடாமல் இந்த வீட்டை முழுசாக யாரும் விற்க முடியாது.

"ரைஸ்மில்காரரு இத்தெல்லாம் கேக்கல" என்றார் விற்பவர்.

பள்ளி திறக்க மூன்று வாரம்கூட இல்லை. "வேற வழியே இல்லையா சார்?" என்றேன்.

"இருக்கே. இவர்கிட்ட மட்டும் கையெழுத்து வாங்கிட்டு நீங்க குடிபோகலாம். என்னைக்காவது அந்தம்மா வந்து கதவைத் தட்டும். நீங்க பள்ளிக்கூடத்துல இருப்பீங்க. உங்க பொண்ணுதான் போய்க் கதவைத் திறக்கணும்."

அதற்குமேல் நான் வழி கேட்கவில்லை.

"செத்தவள நான் எப்பிடிங்க போயி கூப்பிடறது? எங்க நைனா வார்த்த இன்னா ஆவறது?" என்றார் விற்பவர்.

"உங்க நைனா வார்த்த உனக்கு. எனக்கின்னா வந்துச்சு? நான் ஒன்னும் மொட்ட அடிச்சிக்கல." அவர் மனைவி என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, நாளைக்கு வெள்ளன கெளம்புவீங்களா?"

திருப்புட்குழிக்குப் போகக் காஞ்சிபுரத்தில் பஸ் மாறும்போது அவர் ஒரு பந்து மல்லிகை வாங்கினார். வழியெல்லாம் நான் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தேன். அந்தப் பெண் கோபமாக இருப்பாளா? கதவைச் சாத்திவிட்டால்? புருஷன்காரன் எப்படி? "சும்மா வாங்க டீச்சரம்மா, பஸ்ஸுதான் ஓடுது, நீங்க ஏன் கூடவே ஓடறீங்க?" என்றார் அவர்.

கடை வாசலில் ஒரு பெண் குனிந்து சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். பம்பின் கைப்பிடியை விடவே இல்லை.

"இன்னா அண்ணி, பொணத்தப் பாக்க வந்தியா?"

"தெவசம் குடுக்க வந்தேன். இந்தா, பூ வெச்சிக்கோ."

பூவை வாங்கிக்கொண்டாள். கடைக்குள் ஒரு பெஞ்சியைத் துடைத்துப் போட்டாள். நாங்கள் உட்காருவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"என் கருமாதிக்கு எத்தினி பேரு வந்தாங்க?"

"ஊரே வந்துச்சு. உன் கண்ணாலம் நடந்திருந்தாகூட அத்தினி கூட்டம் வந்திருக்காது."

"இன்னா சமையலு?"

"வட பாயாசத்தோட. வட நான்தான் சுட்டேன்."

"அய்தியா?"

"அடுப்புப் பொக. நல்லா அய்தேன்."

இருவரும் சிரித்த சிரிப்பில், உள்ளே டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அவர் பார்க்கும்போது இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். அவர் போய் எங்களுக்கு டீ வாங்கி வந்தார்.

வக்கீல் என்னிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: பங்கு உண்டு என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்தைப் பற்றிப் பேச வேண்டும். அப்படியே சொன்னேன். பங்கு வேண்டாம் என்பாள் என்றுதான் நினைத்தேன். நான் பார்த்த தங்கைகளெல்லாம் அண்ணன் முகத்துக்காக விட்டுக்கொடுத்தவர்கள்தான்.

"வாங்கிக்காம? செத்ததுக்கு அவ்ளோ செலவு பண்ணாங்க இல்ல, உசுரோட கீறதுக்கும் பண்ணட்டும்" என்றாள். அண்ணி தொடையைத் தட்டிச் சிரித்தார். "அவரு குடுப்பாரு. குடுக்கலன்னா சோறு யாரு ஆக்கறது?"

பதிவு நாளில் எல்லோரும் வந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் உள்ளே வராமல் மரத்தடியில் நின்றுகொண்டார். விற்பவர் தங்கையைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரையே படித்துக்கொண்டிருந்தார். பத்திரத்தை வக்கீல் உரக்க வாசித்தார். முதலில் அண்ணன். அடுத்து, இன்னாருடைய குமாரத்தியும் இன்னாருடைய மனைவியுமான இன்னார் என்று தங்கை. அவள் அப்பா பெயரும் புருஷன் பெயரும் ஒரே வரியில் அடுத்தடுத்து வந்தன. காலண்டரிலிருந்து விற்பவரின் தலை திரும்பியது.

"இஷ்டப்பட்டுத்தானே எழுதிக்கொடுக்கறீங்க?" என்று பதிவாளர் அவளைக் கேட்டார்.

"உசுரோடதான் சார் எய்திக் குடுக்கறேன்."

அலுவலகமே சிரித்தது. பத்திரம் எழுதுபவர் சிரிப்பை அடக்க இருமினார். கையெழுத்துப் போட்டு, கட்டைவிரல் ரேகையும் வைத்தபின் மை துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று அவள் சுற்றும் பார்த்தாள். பக்கத்தில் அண்ணன் தோளில் வெள்ளைத் துண்டு. எட்டி இழுத்து விரலை அதிலேயே துடைத்துவிட்டாள்.

"ஏய், புதுத் துண்டுடி!"

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். பேசிவிட்டோம் என்று தெரிந்ததும் திகைத்துப் போனார். பிறகு அந்தத் துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம், "வெளில நிக்கறாரே, டீ சாப்டுவாரான்னு கேளு" என்றார். முகமெல்லாம் மை.

அங்கிருந்து சாவி கொடுக்க எல்லோரும் வீட்டுக்கே வந்தார்கள். என் மகளும் இருந்தாள். வக்கீல் கேட்காத கேள்விகள் என்னிடம் இன்னும் மீதம் இருந்தன. மழையில் எங்கே ஒழுகும், எந்தக் கதவு மழைக்காலத்தில் இறுகும், இரவில் பின்பக்கம் பாம்பு வருமா. அண்ணனும் தங்கையும் ஒரே சமயத்தில் பதில் சொன்னார்கள். இரண்டும் இரண்டு பதில். ஒழுகுவது சமையலறையிலா கூடத்திலா என்று சண்டையே வந்தது.

"பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போகணும்?" என்று மகள் கேட்டாள்.

"நேரா பெரிய தெருவு" என்றார் அண்ணன்.

"போய்யா, அது சுத்து. சந்துல போனா சட்டுனு போயிடலாம். நான் அப்பிடித்தான் போவேன். வா பாப்பா, காட்டறேன்" என்று தங்கை என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். "அந்தச் சந்துல நாய் கீதுடி!" என்று கத்திக்கொண்டே அண்ணன் பின்னால் ஓடினார்.

புதுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். மகள் விழுந்த நாளிலிருந்து நான் கையைப் பிடிக்காமல் அவள் ரோட்டில் இறங்கியது அன்றுதான். நான் பின்னாலேயே போகவில்லை என்று எழுதத்தான் ஆசை. சந்து முனை வரை போனேன். அங்கிருந்து மூன்று பேரின் சிரிப்பும் கேட்டது. அதற்குமேல் போகவில்லை.