வீணாக்காத தண்ணீர்

என் கணவர் அந்த வருடம் ஒரு பந்தயம் கட்டினார். யாரோடும் இல்லை, தன்னோடுதான். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர், துணி காயப்போட வந்த என்னிடம் சொன்னார்: "இங்க இருவது தக்காளிச் செடிய வெச்சு, நல்லா காய்க்க வெச்சிட்டேன்னா அண்ணங்கிட்ட நெலத்தத் திருப்பிக் கேட்டுடறேன். முடியலன்னா எழுதிக் குடுத்துட்டு, காலத்துக்கும் வண்டி ஓட்டிட்டுக் கெடக்கறேன்."

நிலம் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில், அவருடைய பங்கு ஒன்றேகால் ஏக்கர். மகளின் படிப்புக்காக நாங்கள் தர்மபுரிக்கு வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. அவர் சின்ன லோடு வண்டி ஓட்டினார், நான் ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன், நிலத்தை அவருடைய அண்ணன் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். இப்போது மகள் சேலத்தில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அண்ணன் புதிதாக போர் போட்டு, மொத்த நிலத்துக்கும் சொட்டுநீர் குழாய் இழுக்கப் போவதாகச் சொன்னார். "நீ வந்து பண்றதா இருந்தா வா. இல்லன்னா உன் பங்க எனக்கே குடுத்துடு. ஆடிக்கு முன்னாடி சொல்லிடு" என்றார். ஆடியில் எங்கள் பக்கம் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள். நியாயமான மனிதர், நியாயமான கேள்வி.

எனக்கு அங்கே திரும்பிப் போக இஷ்டமில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் எட்டு வருடம் அந்த நிலத்தில் இருந்தேன். விடியும் முன்னே எழுந்து பனியில் நனைந்த செடிக்குள் குனிந்து பழம் பறித்து, பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கி, முதல் பஸ் வருவதற்குள் மண்டிக்கு அனுப்ப வேண்டும். தக்காளிச் செடியின் பச்சை வாடை என் புடவையை விட்டு ஒரு நாளும் போனதில்லை. தர்மபுரிக்கு வந்த பிறகுதான் ஏழு மணி வரை தூங்குவது என்றால் என்னவென்று தெரிந்தது. அந்தத் தூக்கத்தை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. ஆனால் நிலம் அவருடையது. போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இருபது செடி தோற்றால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

தோற்கிற மாதிரி அவர் எதையும் செய்யவில்லை. வீடு கட்டியபோது மிஞ்சிய ஜல்லி, சிமெண்ட் கட்டி, உடைந்த டைல்ஸ் எல்லாவற்றையும் அந்த இடத்தில் கொட்டி, மேலே நாலு கூடை மண்ணைத் தூவி மூடிவிட்டுப் போயிருந்தார் மேஸ்திரி. இவர் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, மணல் சலிக்கிற சல்லடையில் போட்டு, மூன்று ஞாயிறுகள் அதைச் சலித்தார். நல்ல செம்மண்ணைத் தன் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கினார். மக்கிய ஆட்டு எருவும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, தண்ணீர் தெளித்து, கோணியால் மூடி ஆறப்போட்டார். "சூடு அடங்கணும். அவசரப்பட்டு நட்டா வேரு வெந்துடும்" என்றார். கடைசியில் ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கிக் காட்டினார். கொழுக்கட்டை மாதிரி நின்றது. இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டதும் உதிர்ந்தது. "இதான் பதம்" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

பங்குனி நடுவில் குழித்தட்டு நாற்று வாங்கிவந்து, வெயில் தாழ்ந்த பிறகு நட்டார். அடியிலை வரைக்கும் தண்டை மண்ணுக்குள் இறக்கினார். புதைந்த தண்டிலும் வேர் விடுமாம், அது எனக்கு எட்டு வருடம் அங்கே இருந்தும் தெரியாது. செக்கிலிருந்து கடலைத் தோல் வாங்கிவந்து, மண் காயாமல் இருக்கச் செடியைச் சுற்றிப் பரப்பினார். தண்ணீருக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது நான்தான் வழி சொன்னேன்.

எங்கள் நகர் ஊர்க்கடைசியில் புதிதாக மனை பிரித்த இடம். குழாய்த் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை, எல்லாம் போர் தண்ணீர்தான். அதைக் குடித்தால் பல் பழுப்பாகும், மூட்டு வலிக்கும் என்று எங்கள் மாவட்டத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதனால் வீட்டுக்கு ஒரு ஆர்.ஓ. மெஷின் மாட்டியிருப்போம். அது ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுப்பதற்குள் இரண்டு மூன்று குடம் தண்ணீரை ஒரு மெல்லிய டியூப் வழியாக வெளியே தள்ளும். மழையை எதிர்பார்த்தே வளர்ந்தவர்களுக்கு அது தாங்காது. பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கிற தண்ணீரைச் சாக்கடையில் விடுவதா? எங்கள் தெருவில் எல்லோர் வீட்டு டியூபும் சமையலறை ஜன்னல் வழியாக இறங்கி ஏதாவதொரு டிரம்முக்குள்தான் போகும். நானும் ஒரு நீல டிரம் வாங்கி வைத்து, டியூபை அதில் விட்டேன். எங்கள் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வீணாவதில்லை என்று பள்ளியில் பெருமையடித்துக்கொண்டேன். தினமும் காலையில் வண்டி எடுப்பதற்கு முன் அவர் அந்த டிரம்மிலிருந்து மொண்டு செடிகளுக்கு ஊற்றினார்.

மூன்று வாரம் செடிகள் நன்றாகத்தான் இருந்தன. பிறகு கீழிலைகளின் ஓரம் தீய்ந்தது. அதற்கப்புறம் வளர்த்தி நின்றது. மண் ஈரமாக இருக்கும்போதே மத்தியானம் செடி துவண்டு தலையைத் தொங்கப்போட்டது. பூத்தது உதிர்ந்தது. தப்பிப் பிடித்த சில காய்கள் எலுமிச்சை அளவுக்கு வந்து, அடியில் கறுத்து அழுகின. அவர் வேரைத் தோண்டிப் பார்த்தார், பூச்சி இல்லை. புளித்த மோர் தெளித்தார், வேப்பெண்ணெய் தெளித்தார், முட்டை ஓட்டை இடித்துப் போட்டார். வெயிலாக இருக்கும் என்று சாயங்காலமும் சேர்த்து இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினார். ஊற்ற ஊற்ற மோசமானது.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் செடிப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். "மறந்து போச்சு புள்ள" என்றார். "பத்து வருசம் ஸ்டேரிங் புடிச்ச கை. மண்ணு ஏத்துக்க மாட்டேங்குது."

"வெயிலுங்க. யாருக்குமே இந்த வருசம் வரல" என்றேன். பரிதாபமாகத்தான் இருந்தது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. இதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஆனி பிறந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஆர்.ஓ. மெஷினுக்கு ஃபில்டர் மாற்ற ஒரு மெக்கானிக் வந்தார். பேனா அளவில் ஒரு மீட்டர் வைத்திருந்தார், தண்ணீரில் முக்கினால் அதில் உப்பு எவ்வளவு என்று எண் காட்டும். வேலை முடிந்ததும் குடிக்கிற தண்ணீரில் முக்கிக் காட்டினார். பிறகு போர் தண்ணீரில் முக்கினார். டியூப் தண்ணீரையும் பாருங்களேன் என்று நானாகத்தான் கேட்டேன். எண் போர் தண்ணீரையும் தாண்டி எங்கேயோ போய் நின்றது. டியூப் எங்கே போகிறது என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அக்கா, இதயா செடிக்கு ஊத்தறீங்க? போர் தண்ணில இருக்கற உப்ப எடுத்து மெஷினு எங்கக்கா வெச்சுக்கும்? அத்தனையும் இதுலதான் வருது. பாத்திரம் கழுவுங்க, தரை தொடைங்க. செடிக்கு மட்டும் வேணாங்க்கா, மண்ணே செத்துப்போயிடும்."

மெக்கானிக் போன பிறகு பின்பக்கம் போய்க் கடலைத் தோலை விலக்கிப் பார்த்தேன். மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தேன், கரித்தது. சமையலறை வாசலில் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது, அதற்கு நான் அரிசி களைந்த தண்ணீரைத்தான் ஊற்றுவேன், அது கொழுகொழுவென்று நின்றது. அதே எரு, அதே செம்மண். தக்காளிக்கும் அதற்கும் வித்தியாசம் நான் வழி சொன்ன தண்ணீர் மட்டும்தான்.

அன்று சாயங்காலம் அவர் வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை, தண்ணீர்தான் என்று ஒரு வரி. சொன்னால் அண்ணனுக்கு ஃபோன் போகும், வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பார்ப்போம், ஆவணிக்குள் நான் பழையபடி பனியில் குனிந்து நிற்பேன். டீ போட்டுக் கொடுத்தேன். வண்டிக்கு லோடு கிடைத்ததா என்று கேட்டேன். டியூபை டிரம்மிலிருந்து எடுக்கவும் இல்லை. எடுத்தால் ஏன் என்று கேட்பாரே. அவரும் காலையில் எழுந்து, ஒரு நாள் விடாமல், அந்தத் தண்ணீரையே மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தோசை சுட்டேன்.

ஒரு நாள் அவரே கேட்டார். "தண்ணில ஏதாச்சும் இருக்குமா புள்ள?"

"தெருவுல எல்லாரும் இதத்தானுங்க ஊத்தறாங்க" என்றேன். உண்மைதான். தெருவில் எல்லோருடைய செடியும் சோகையாகத்தான் இருந்தது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லவில்லை.

ஆனிக் கடைசி வாரத்தில் பத்திரம் பதிந்தார்கள். ரெஜிஸ்டர் ஆபீஸ் பெஞ்சில் அண்ணன் அவரிடம், "யோசிச்சுக்கோ தம்பி, நான் அவசரப்படுத்தலே" என்று இரண்டு தடவை சொன்னார். "யோசிச்சாச்சுங்கண்ணா, எனக்கு இனி வராது" என்றார் இவர். கைரேகை வைக்கும்போது மெஷின் ஏற்கவில்லை. நாலு மாதமாக மண்ணைக் கிளறி விரல் தேய்ந்திருந்தது. துடைத்துவிட்டு வையுங்கள், துடைத்துவிட்டு வையுங்கள் என்று மூன்று முறை சொன்னார்கள், நாலாவது முறை விழுந்தது. எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பசித்தது.

மறுநாளே டியூபை எடுத்துச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிட்டேன். டிரம் பாசி பிடிக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அவர் செடிகளையெல்லாம் பிடுங்கி வேலியோரம் போட்டிருந்தார், அதனால் ஒன்றும் சொல்லவில்லை. டிரம்மைக் கழுவி, போர் தண்ணீரையே நிரப்பி வைத்தேன். ஆடிக் கடைசியிலும் ஆவணியிலும் நல்ல மழை, பாத்தி நிரம்பி வழிந்து ஓடியது. வெள்ளைப் பூச்சு கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

நான் காய்கறிக் கழிவை அந்தப் பாத்தியில்தான் கொட்டுவேன். ஆவணியில் அதிலிருந்து தக்காளி தானாக முளைத்தது. யாரும் நடவில்லை, எருவும் போடவில்லை. அவர் முதலில் கவனிக்காத மாதிரி இருந்தார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நெருக்கமாக நின்றவற்றைப் பிடுங்கி இடம் விட்டு நட்டிருந்தார். அப்புறம் குச்சி ஊன்றிக் கட்டினார், பக்கக் கிளைகளைக் கிள்ளினார். புரட்டாசியில் பூத்தது, ஒன்றும் உதிரவில்லை. ஐப்பசியில் கொத்துக் கொத்தாகக் காய்த்துக் குச்சி சாய்ந்தது. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதை நான் பள்ளிக்கு எடுத்துப்போனேன். எல்லோரும் அவர் கையைப் புகழ்ந்தார்கள். அதை வீட்டில் வந்து சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை, எதையோ யோசித்துக்கொண்டே இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குவளையில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அதே மண்ணு. அதே கை" என்றார். "என்ன மாறுச்சுன்னு நாலு நாளா பாக்கறேன். டியூபு மட்டுந்தான் மாறியிருக்கு."

நான் தேய்த்த பாத்திரத்தையே திரும்பவும் தேய்த்தேன்.

"அந்தத் தண்ணிதானா?"

"ஆமாங்க. உப்பு. மெஷின் ரிப்பேருக்கு வந்தவரு சொன்னாரு."

அவர் குவளையைப் பார்த்தார். அதில் பாதித் தண்ணீர் இருந்தது. "எப்ப சொன்னாரு? பத்திரத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

என் வாழ்க்கையில் சமயத்துக்குத் தகுந்தமாதிரி எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். பின்னாடி என்று ஒரு வார்த்தை, அவரும் நம்பியிருப்பார். நம்பத்தான் ஆசைப்பட்டார், அது முகத்திலேயே தெரிந்தது. அவரை அதற்கு மேல் ஏமாற்ற எனக்குத் தெம்பு இல்லை.

"முன்னாடிங்க" என்றேன். "பதினேழு நாள் முன்னாடி."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் சொல்ல என்னிடம் எட்டு வருடக் கணக்கு இருந்தது, பனி, இடுப்பு வலி, விடியாத காலை எல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. தலையை ஆட்டினார். மிச்சமிருந்த செடிகளுக்கு ஒன்று விடாமல் தண்ணீர் ஊற்றி முடித்தார். கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என்னோடு பேசுகிறார், சாப்பிடுகிறார், மகள் வந்தால் சிரிக்கிறார். பின்பக்கம் மட்டும் வருவதில்லை. இப்போது நான்தான் விடியும் முன்னே எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.