லட்சுமணனின் ஆறாயிரம் அடிகள்

மனைவி ருக்கு காபியை வைத்துவிட்டு நகர்ந்ததும் பத்ரி போனை எடுப்பார். திரை முழுவதையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கையைக் கீழிருந்து மேலாக, வரி வரியாக விலக்குவார். கடைசி வரியில் அவர் பெயர், நூற்றுப் பன்னிரண்டு அடி. அதற்கு மேல் ஸ்ரீதர். அதற்கு மேல் சுந்தரேஷ். முதல் வரிக்கு வரும்போது கை நின்றுவிடும்.

அலுவலகத்தில் நான்கு பேர் சேர்ந்து வைத்துக்கொண்ட நடைப் போட்டி அது. யார் எத்தனை அடி நடந்தார் என்று போனே எண்ணிச் சொல்லும். நான்கு வருடமாக முதலிடம் லட்சுமணனுக்குத்தான். "என்ன ஓய் பத்ரி, நேத்து பாத்ரூமுக்காவது நடந்தீரா?" என்று பக்கத்து மேஜையிலிருந்து கேட்பார். பிப்ரவரியில் ஒரு நாள், அந்த மேஜையிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. ஐம்பத்தாறு வயது.

பதின்மூன்று நாள் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம். பதினான்காம் நாள் காலை எட்டு மணிக்கு, ஆறாயிரத்து நாற்பது. அன்றிலிருந்து தினமும். மற்ற இருவரும் போட்டியை மறந்துவிட்டார்கள். பட்டியலைத் திறந்து பார்ப்பது பத்ரி மட்டும்தான். அவர் யாரிடமும் சொல்லவில்லை. நடப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

"ஏன்னா, ரிப்போர்ட்டைப் பார்த்தேளா? சுகர் வெறும் வயித்துல இருநூத்தி நாப்பது. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா ஊசிதான்னு டாக்டர் சொல்லியாச்சு."

"லட்சுமணன் தினம் நடந்தார். என்ன கிடைச்சுது அவருக்கு?"

"அதுக்காக நீங்க உக்காந்தே போய்ச் சேரணுமா? அச்சா, அந்த ஜாங்கிரி டப்பாவையாவது இப்படிக் குடுங்கோ."

ஜன்னலுக்கு வெளியே டில்லி சரோஜினி நகரின் காலி அரசுக் குவார்ட்டர்ஸ் வீடுகள் இடிபடக் காத்திருந்தன. கதவு கழற்றிய வாசல்களுக்கு நடுவேதான் அவர் நடக்கும் பாதை. அங்கே யாரோ முன்னால் போவது போலிருக்கும். அந்த ஆள் திரும்பி, "வாரும் ஓய்" என்று கூப்பிட்டுவிட்டால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை லட்சுமணனின் எண் ஒன்பதாயிரத்தைத் தொட்டது. பத்ரி ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கிட்வாய் நகரில் லட்சுமணன் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. லட்சுமணனின் மனைவி சாந்தகுமாரி துடைப்பமும் கையுமாகக் கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணா. வேர்த்துக் கொட்டுதே, நடந்தா வந்தீங்க?"

பத்ரி மூச்சு வாங்கத் தலையாட்டினார். அவள் இடுப்பில், சேலைச் செருகலில், லட்சுமணனின் போன்.

அவர் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள். "பழக்கம்ணா. இது கனக்கலைன்னா காலைல வேலையே ஓடமாட்டேங்குது."

"எப்பலேர்ந்து?"

"நாலு வருசமா. எழுந்ததும் எங்கிட்ட குடுத்துருவாங்க. 'ஆபீஸ்ல போட்டி, கீழ வச்சிராத'ன்னு சொல்லிட்டுப் பேப்பரோட உக்காந்துருவாங்க. பூரியும் அங்கேயே போகும். நான் பால் பூத், மாடிப்படி, பெருக்குறது, துவைக்கிறதுன்னு அலைவேன். எட்டு மணிக்குத் திருப்பி வாங்கிப் பாத்துட்டு ஒரே சிரிப்பு."

பத்ரி ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார். திரும்பும்போது ஆட்டோவைக் கூப்பிடவில்லை.

புதிதாக வந்தவருக்காக லட்சுமணனின் மேஜையைக் காலி செய்த ஸ்ரீதர் பல நாள் கழித்துச் சொன்னார்: இழுப்பறையின் அடியில் அவருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் உறைகள் நான்கு இருந்தன, வருடத்துக்கு ஒன்றாக. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.